எந்த அலைக்கு எந்தக் கண்ணாடி?

வாசகர் கேள்விகளும் டீச்சர் பதில்களும்

மழைக்காலம் முடிந்த கையோடு டிஷ் ஆன்டெனா பற்றிய கடிதங்கள் நிறைய வந்துவிட்டன. கூடவே, தருமபுரியிலிருந்து ஒரு பிளஸ் ஒன் மாணவர் கேட்டிருக்கும் கேள்வி என்னை இரண்டு நாள் விடவில்லை. எல்லாமே வளைந்த கண்ணாடியைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஆகவே இந்த மாதம் முழுக்க அதற்கே.

கேள்வி: எங்கள் மாடி டிஷ் வானத்தைப் பார்க்காமல் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மாட்டியவரைக் கேட்டால் "அது அப்படித்தான் அம்மா" என்கிறார். இப்போது எதிர்வீட்டில் இன்னொரு மாடி எழுப்புகிறார்கள். படம் நின்றுவிடுமா டீச்சர்? (வாசகி, மன்னார்குடி)

பதில்: மாட்டியவர் சொன்னது சரிதான். காரணத்தையும் சொல்லியிருக்கலாம். அவருக்கு அடுத்த வீட்டு வேலை காத்திருந்திருக்கும்.

உங்கள் மாடியில் இருப்பது முழுக் கிண்ணம் அல்ல. ஒரு பெரிய பரவளையக் கிண்ணத்தின் ஓரத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு. பரவளையத்தின் குணம் இது: அதன் அச்சுக்கு இணையாக வரும் கதிர்கள், கிண்ணத்தில் எங்கே பட்டாலும் குவியம் என்ற ஒரே புள்ளிக்குத் திரும்பும். இதைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். பாடப்புத்தகம் அழுத்திச் சொல்லாத இன்னொரு குணம் உண்டு. விளிம்பில் பட்டு வரும் கதிரும் நடுவில் பட்டு வரும் கதிரும் குவியத்தை அடைய மொத்தத்தில் ஒரே தூரம்தான் பயணம் செய்கின்றன. அதனால் அலையின் முகடுகள் எல்லாம் ஒரே நொடியில் குவியத்தில் சேர்கின்றன. தேர்வடம் பிடிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே மூச்சில் இழுத்தால்தான் தேர் அசையும். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் அத்தனை பலமும் வீண். டிஷ்ஷின் வளைவு அந்த ஒரே மூச்சைத்தான் உண்டாக்கித் தருகிறது. அது எவ்வளவு அவசியம் என்றால், சுமார் 36,000 கிலோமீட்டர் தாண்டி வந்து 60 சென்டிமீட்டர் டிஷ்ஷில் விழும் சிக்னலின் மொத்த வலு, ஒரு வாட்டை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும்.

முழுக் கிண்ணமாக இருந்தால் குவியம் கிண்ணத்துக்கு நேர் முன்னால் அமையும். அங்கே எல்.என்.பி.யை, அதாவது குவியத்தில் சேரும் சிக்னலை வாங்கிக் கேபிளில் அனுப்பும் சிறு கருவியை, வைத்தால் அதுவே டிஷ்ஷுக்கு நிழல் கட்டும். சிறிய டிஷ்ஷில் அந்த நிழல்கூடப் பெரிய நஷ்டம். ஓரத்துத் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் குவியம் கீழே ஒதுங்கிவிடும். வானத்திலிருந்து வரும் கதிருக்குக் குறுக்கே எதுவும் நிற்காது. ஆனால் துண்டின் முகம் பார்க்கும் திசை வேறு, கதிர் வரும் திசை வேறு என்று ஆகிவிடுகிறது. வழக்கமான வீட்டு டிஷ்களில் இந்த வித்தியாசம் 22 முதல் 25 டிகிரி வரை இருக்கும்.

உங்கள் ஊருக்கே கணக்குப் போட்டுவிட்டேன். டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள், பூமத்திய ரேகைக்கு மேலே 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. மன்னார்குடியிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கே, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 69 டிகிரி உயரத்தில், கழுத்தை நன்றாக அண்ணாந்து பார்க்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அதில் 24 டிகிரியைக் கழித்தால் டிஷ்ஷின் முகம் 45 டிகிரியில் சாய்ந்து நிற்கும். அதுதான் உங்களுக்குச் சுவரைப் பார்ப்பதாகத் தெரிகிறது.

எதிர்வீட்டு மாடிக்கு வருவோம். 69 டிகிரியில் வரும் கதிரை மறைக்க வேண்டுமானால், டிஷ்ஷிலிருந்து ஒவ்வொரு அடி தூரத்துக்கும் சுவர் டிஷ் மட்டத்துக்கு மேல் இரண்டரை அடிக்கு அதிகமாக உயர வேண்டும். இடையில் பத்தடித் தெரு இருந்தால், உங்கள் டிஷ்ஷை விட இருபத்தைந்து அடி உயரம் வரை அவர்கள் கட்டிக்கொள்ளலாம். நிம்மதியாக இருங்கள். வேறு செயற்கைக்கோளைப் பயன்படுத்தும் நிறுவனமாக இருந்தால் கணக்கு மாறும். 108.2 டிகிரி கிழக்கில் நிற்கும் செயற்கைக்கோளை நோக்கும் டிஷ் இதைவிடத் தாழ்வாக, கிழக்கே தள்ளிப் பார்க்கும். அதற்கு இவ்வளவு தாராளமான இடம் கிடைக்காது.

கேள்வி: டிஷ் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கிறது. நன்றாகப் பளபளக்கும் வெள்ளி பெயின்ட் அடித்தால், அல்லது சமையலறை அலுமினியத் தாளை ஒட்டினால் சிக்னல் கூடுமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: கூடாது. தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள்.

டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவு. ஒரு பரப்பு கண்ணாடியாக வேலை செய்கிறதா என்பதை, அதன் மேடு பள்ளத்தை அலைநீளத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்குக்குள் மேடு பள்ளம் அடங்கினால் ஓரளவு நல்ல கண்ணாடி என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டரை சென்டிமீட்டருக்கு அது ஒன்றேகால் மில்லிமீட்டர். உங்கள் டிஷ்ஷின் சொரசொரப்பு அதில் ஒரு சிறு துளிகூட இல்லை. அந்த அலைக்கு அது ஏற்கெனவே பளிங்குதான். மேலே உள்ள மெல்லிய பெயின்ட் படலத்தை அலை கண்டுகொள்ளாமல் ஊடுருவி, உள்ளே இருக்கும் தகட்டில் பட்டுத் திரும்புகிறது. அலுமினியத் தாளை ஒட்டினால் என்ன ஆகும்? எத்தனை கவனமாக ஒட்டினாலும் சுருக்கம் விழும், காற்றுக்குமிழ் எழும்பும். இல்லாத மேடு பள்ளத்தை நீங்களே உண்டாக்குகிறீர்கள்.

மங்கல் பெயின்ட் வேண்டுமென்றே அடித்தது. வருடத்தில் இரண்டு முறை, நம் ஊரில் மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலுமாகச் சில நாட்கள், சூரியன் மிகச் சரியாகச் செயற்கைக்கோளின் பின்னால் வந்து நிற்கும். அப்போது வெயிலும் சிக்னல் வரும் அதே வழியில் வந்து அதே குவியத்தில் சேரும். டிஷ் பளபளவென்று இருந்தால் எல்.என்.பி.யின் பிளாஸ்டிக் மூடி உருகிவிடும். மங்கல் பரப்பு ஒளியை நாலாபுறமும் சிதறடித்துவிட்டு, சிக்னலை மட்டும் ஒழுங்காகக் குவிக்கிறது. ஒரே பரப்பு ஓர் அலைக்குக் கண்ணாடியாகவும் இன்னோர் அலைக்குச் சுவராகவும் இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகும்.

சிக்னல் குறைந்திருந்தால் தேட வேண்டிய இடங்கள் வேறு. முதலில் எல்.என்.பி.யின் வாயைப் பாருங்கள். மழைக்குப் பிறகு குளவி மண்கூடு கட்டியிருக்கும். ஈர மண் அந்த அலையை உறிஞ்சிவிடும். மூடியில் விரிசல் இருந்தால் உள்ளே தண்ணீர் நிற்கும். பிறகு கேபிளின் முனையைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி செம்பாக மின்ன வேண்டும். பச்சைக் களிம்பு படிந்திருந்தால் அந்த முனையை நறுக்கிவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். கேபிள் எல்.என்.பி.க்குள் ஏறுவதற்கு முன் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விட்டுக் கட்டினால், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டி விழுந்துவிடும். கடைசியாகத் தூணின் திருகுகள். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை மொத்தமே மூன்று டிகிரி அகலம்தான். ஒரு காக்கை உட்கார்ந்து எழுந்ததில் டிஷ் அசைந்தாலும் படம் போய்விடும்.

கேள்வி: மார்ச் மாதத்தில் தினமும் காலை பதினொன்றேகால் வாக்கில் சில நிமிடம் படம் உடைகிறது. மின்சாரக் கோளாறா? (வாசகர், பண்ருட்டி)

பதில்: இல்லை. மேலே சொன்ன சூரியன்தான். சூரியன் ஒளியை மட்டுமல்ல, ரேடியோ அலைகளையும் கொட்டுகிறது. செயற்கைக்கோளுக்குப் பின்னால் அது வந்து நிற்கும்போது அந்த இரைச்சலில் சிக்னல் அமுங்கிவிடுகிறது. சில நாட்களில் தானாகச் சரியாகும். யாரையும் கூப்பிட்டுக் காசு கொடுக்க வேண்டாம்.

கேள்வி: ஊட்டிக்குப் போனபோது முத்தொரை அருகே ரேடியோ தொலைநோக்கி என்று காட்டினார்கள். வெறும் கம்பிகள்தான் தெரிந்தன. ஊடே வானமே தெரிகிறது. கம்பி எப்படி அலையைத் திருப்பும்? (வாசகி, புதுக்கோட்டை)

பதில்: நல்ல கண் உங்களுக்கு. பெரும்பாலானவர்கள் படம் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

அந்தத் தொலைநோக்கி கேட்கும் அலையின் நீளம் சுமார் 92 சென்டிமீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் ஓடும் கம்பிகளின் வரிசை ஓட்டையில்லாத தகட்டுக்குச் சமம். வானத்தின் ஒளி ஊடே போகும், காற்றும் போகும். அந்த ரேடியோ அலை மட்டும் போகாது. மலையில் அடிக்கும் காற்றை நினைத்துப் பாருங்கள். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ஒன்றைத் தகட்டால் செய்திருந்தால், அதைத் தாங்க எத்தனை இரும்பு வேண்டியிருக்கும்! அங்கே இருப்பது 1,100 மெல்லிய எவர்சில்வர் கம்பிகள். ஒவ்வொன்றும் தொலைநோக்கியின் முழு நீளத்துக்கு ஓடுகிறது. பரவளையமாக வளைத்த 24 சட்டங்கள் அவற்றைத் தாங்கி நிற்கின்றன.

இது கிண்ணம் அல்ல, வாய்க்கால் வடிவம். ஆகவே குவிவது புள்ளியில் அல்ல, ஒரு நீண்ட கோட்டில். அந்தக் கோடு நெடுக 1,056 சிறு ஆன்டெனாக்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள்.

ஆனால் என்னைக் கைகூப்ப வைப்பது இடத் தேர்வு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய இளம் குழுவினரும் வடக்கு தெற்காக, ஏறத்தாழ 11 டிகிரி சரிந்த ஒரு மலைச்சரிவைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஏன் 11 டிகிரி? ஊட்டியின் அட்சரேகை அதுதான். அந்தச் சரிவில் படுக்கவைத்த தொலைநோக்கியின் நீள அச்சு, பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. பிறகு அந்த ஒரே அச்சில் மெதுவாகத் திருப்பினால் போதும். ஒரு விண்பொருள் கிழக்கில் எழுந்து மேற்கே சாயும் வரை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பின்தொடரலாம். மலையையே கருவியின் ஓர் உறுப்பாக ஆக்கிவிட்டார்கள். 1970இல் வேலையைத் தொடங்கியது. நீலகிரிக்குச் சுற்றுலா அழைத்துப் போகும் ஆசிரியர்கள், படகு இல்லத்தில் செலவிடும் நேரத்தில் ஒரு மணியை முன்னனுமதி பெற்று இங்கே ஒதுக்குங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: கிரகாம் பெல் ஒளியில் குரலை அனுப்பினார் என்று ஒரே ஒரு வரி படித்தேன். கண்ணாடி எப்படிக் குரலைப் பிடிக்கும்? பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நாங்களே செய்ய முடியுமா டீச்சர்? (பிளஸ் ஒன் மாணவர், தருமபுரி)

பதில்: முடியும் தம்பி. நான் பள்ளியில் இருந்த வரை பிள்ளைகளோடு செய்திருக்கிறேன். முதலில் பெல் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஆண்டு 1880. இடம் வாஷிங்டன். ஒரு பள்ளிக்கூடத்தின் மொட்டை மாடியில் பெல்லின் உதவியாளர் சார்லஸ் சம்னர் டெயின்டர். 213 மீட்டர் தள்ளி, தன் ஆய்வுக்கூடத்தில் பெல். டெயின்டர் பேசியது ஒரு மெல்லிய கண்ணாடித் தகட்டின் முதுகில். குரலின் அழுத்தத்தில் அந்தத் தகடு சற்றே உள்வாங்கும், சற்றே புடைக்கும். அதன் முகத்தில் வெயிலை விழச் செய்திருந்தார்கள். தகடு புடைத்தால் திரும்பும் ஒளி விரிந்துவிடும், உள்வாங்கினால் கூடும். ஆக, தூரத்தில் நிற்பவருக்கு அந்த ஒளி குரலுக்கு ஏற்றபடி கூடிக் குறைந்து போய்ச் சேரும். கண்ணுக்கு அது தெரியாது. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நடக்கும் மாற்றம் அது.

பெல்லின் பக்கத்தில் ஒரு பரவளையக் கண்ணாடி. அதன் குவியத்தில் செலீனியம். வெளிச்சம் பட்டால் செலீனியத்தின் மின்தடை குறையும் என்று 1873இல்தான் தெரியவந்திருந்தது. அதோடு ஒரு பேட்டரி, காதில் டெலிபோன் குழல். ஒளி கூடிக் குறைய மின்னோட்டமும் கூடிக் குறைந்தது, குழலில் குரல் கேட்டது. கேட்டால் ஜன்னலுக்கு வந்து தொப்பியை ஆட்டும்படி டெயின்டர் சொன்னார். பெல் ஆட்டினார். டெலிபோனைவிட இதையே தன்னுடைய பெரிய கண்டுபிடிப்பாக அவர் கருதினார்.

இங்கே கண்ணாடியின் வேலையைக் கவனி. குரலைப் பிடித்தது செலீனியம். ஆனால் 213 மீட்டர் பயணத்தில் பரந்துபோன ஒளியில் ஒரு சிறு வில்லை அளவு மட்டும் செலீனியத்தில் விழுந்தால் என்ன கேட்கும்? பெரிய வாயால் அள்ளிச் சிறிய புள்ளியில் கொட்டியது கண்ணாடி. டிஷ்ஷைப் போல இங்கே அலை முகடுகள் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்ற கண்டிப்பு இல்லை. செலீனியம் வெளிச்சத்தின் மொத்த அளவை மட்டுமே பார்க்கிறது. வெளிச்சம் அதன் பரப்புக்குள் விழுந்துவிட்டால் போதும். அதனால்தான் சாதாரணக் கண்ணாடியை வைத்து உன்னாலும் செய்ய முடியும்.

அனுப்பும் பக்கத்துக்கு, நான்கு அங்குல பி.வி.சி. குழாயில் ஒரு சாண் துண்டு. சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கழுவித் துடைத்து, வெள்ளி மின்னும் உட்பக்கம் வெளியே தெரியும்படி குழாயின் ஒரு வாயில் இழுத்துக் கட்டு. சுருக்கமே இருக்கக் கூடாது. ரப்பர் பேண்டைப் போட்ட பிறகு ஓரத்தைச் சுற்றிச் சுற்றி இழுத்தால் விறைப்பாகிவிடும். விரலால் சுண்டினால் தொம்மென்று ஒலிக்க வேண்டும். மறுவாயில் பேச வேண்டும்.

வாங்கும் பக்கத்துக்கு, முகத்தைப் பெரிதாகக் காட்டும் ஷேவிங் கண்ணாடி. அதன் குவியத்தைக் கண்டுபிடிக்கத் தூரத்து மரத்தைப் பயன்படுத்து. கண்ணாடியை மரத்தின் பக்கம் திருப்பி, முன்னால் ஒரு வெள்ளை அட்டையை நகர்த்திக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் மரம் தலைகீழாகத் துல்லியமாக விழும். அந்த இடம்தான் குவியம். சூரியனை வைத்துத் தேடாதே. அட்டை பற்றிக்கொள்ளும், அந்த ஒளி கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். செலீனியத்துக்குப் பதிலாக, பழுதான சோலார் தோட்ட விளக்கிலிருந்து கழற்றிய சிறிய சோலார் செல். அதைக் குவியத்தில், முகம் கண்ணாடியைப் பார்க்கும்படி ஒரு குச்சியில் கட்டு. அதன் இரண்டு ஒயர்களில் ஒன்றில் ஒரு மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைச் சேர்த்து, ஆம்ப்ளிஃபயர் உள்ள சிறிய ஸ்பீக்கரின் பின்னில் இணை.

பேசுவதற்கு முன், செல்லை மட்டும் வகுப்பறை குண்டு பல்பின் பக்கம் திருப்பு. ஊம் என்று ஒரு சீரான ரீங்காரம் வரும். நம் மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பல்பு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. நீ கேட்பது அந்த நூறு. டிவி ரிமோட்டை நீட்டிப் பொத்தானை அழுத்தினால் கடகடவென்று ஒரு சத்தம். கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு ஒளி உன் காதுக்குக் கேட்கிறது! பிள்ளைகள் முகம் மாறுவதை அந்த நொடியில் பார்க்க வேண்டும். இரண்டும் கேட்டால் கருவி சரியாக இருக்கிறது என்று பொருள்.

பிறகு வெயிலுக்கு வா. குழாயில் திரும்பும் ஒளித்திட்டை ஒருவர் கண்ணாடியின் மேல் விழும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். கை நடுங்கினால் போய்விடும், குழாயை ஒரு ஸ்டூலில் கட்டிவிடு. முதலில் பள்ளிக் கூடத்து அகலத்துக்குள் முயற்சி செய். வாங்கும் கண்ணாடி நேராகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. அதற்காக அதைக் கட்டட நிழலில் வைத்து, ஒளித்திட்டு மட்டும் வந்து விழும்படி செய். வேலை முடிந்ததும் கண்ணாடியைத் துணியால் மூடிவிடு. ஓர் ஆசிரியர் கூடவே இருக்கட்டும். ஒரு மேகம் குறுக்கே வந்தால் பேச்சு பாதியில் அறுந்துபோகும். பெல்லின் கருவி ஊருக்கு ஊர் பரவாததற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: வாணலியை டிஷ்ஷாகப் பயன்படுத்தலாமா? (வாசகர், தேனி)

பதில்: ஆழமான வாணலி உதவாது. அது கோளத்தின் துண்டு. நடுவில் படும் கதிர் ஓரிடத்திலும் விளிம்பில் படும் கதிர் அதற்கு முன்பே வேறோர் இடத்திலும் அச்சைத் தொடும். ஆழம் குறைந்த ஷேவிங் கண்ணாடியில் இந்த வித்தியாசம் பொருட்படுத்த வேண்டாத அளவு. பரவளையக் கிண்ணம் கிடைத்தால் குவியத்தைக் கணக்கிலேயே பிடிக்கலாம். வாயின் அகலத்தை அதே எண்ணால் பெருக்கி, ஆழத்தின் பதினாறு மடங்கால் வகுக்க வேண்டும். அகலம் 60, ஆழம் 9 சென்டிமீட்டர் என்றால் 3,600ஐ 144ஆல் வகுக்க, குவியம் 25 சென்டிமீட்டரில். போர்ட்டோ ரிக்கோவின் அரசிபோவில் 305 மீட்டர் அகலத்தில் கோள வடிவக் கண்ணாடியையே வேண்டுமென்று கட்டினார்கள். அசைக்க முடியாத அந்தக் கண்ணாடிக்கு மேலே வாங்கியை மட்டும் நகர்த்தி வெவ்வேறு திசைகளைப் பார்க்கக் கோள வடிவம்தான் இடம் கொடுக்கும். கலைந்து விழும் குவியத்தைச் சரிசெய்யத் தனிக் கருவிகள் தேவைப்பட்டன. 2020 டிசம்பரில் அது இடிந்து விழுந்தது.

கேள்வி: இன்று யாராவது விண்வெளியிலிருந்து ரேடியோவுக்குப் பதில் ஒளியில் செய்தி அனுப்புகிறார்களா? (வாசகி, காரைக்குடி)

பதில்: அனுப்பியிருக்கிறார்கள். 2023 அக்டோபரில் கிளம்பிய நாசாவின் சைக்கி விண்கலத்தில் ஒரு லேசர் கருவி இருந்தது. அதே டிசம்பரில், 3.1 கோடி கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஒரு பூனையின் வீடியோவை அகச்சிவப்பு லேசரில் அது அனுப்பியது. நொடிக்கு 267 மெகாபிட் வேகம். வந்து சேர 101 விநாடி. ஒளிக்கே அவ்வளவு நேரம் பிடிக்கும் தூரம் அது.

அதை வாங்கியது கலிஃபோர்னியாவின் பாலோமர் மலையில் உள்ள ஹேல் தொலைநோக்கி. 5.1 மீட்டர் அகலமுள்ள பரவளையக் கண்ணாடி. நட்சத்திரங்களைப் பார்ப்பதற்காகத் தேய்த்து மெருகேற்றி, 1948இல் திறந்து வைத்தது. அந்த லேசரின் அலைநீளம் உங்கள் வீட்டு டிஷ் வாங்கும் அலையில் பதினாறாயிரத்தில் ஒரு பங்கு. எனவே கண்ணாடியின் வளைவும் அந்த அளவுக்கு நுட்பமாக இருக்க வேண்டும். தகட்டை அச்சில் அழுத்திச் செய்துவிட முடியாது. வருடக்கணக்காகக் கையும் இயந்திரமும் சேர்ந்து தேய்த்த கண்ணாடி அது. குவியத்தில் சேர்ந்த ஒளியைத் துகள் துகளாக எண்ணக்கூடிய, கடுங்குளிரில் வைத்த நுண்கம்பிக் கருவி ஒன்று அங்கே காத்திருந்தது.